தங்கல் சதவீதம்

தாரணி என் வயிற்றுக்குக் குடிவந்தது கார்த்திகை பதினோராம் தேதி, காலை ஆறரை மணிக்கு, முப்பது கேப்சூல்களாக. அவள் இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. லாரி. அதைப் பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

கேப்சூல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறையில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் குடல் காப்பகத்தில் ஒரு டப்பி வைத்துவிடுவது வழக்கம். உடம்பு நன்றாக இருக்கும்போதே வயிற்றில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை எடுத்து உறைய வைத்துவிடுவார்கள். பிற்காலத்தில் நோயோ மருந்தோ வயிற்றைக் கெடுத்துவிட்டால் நம்முடையதை நமக்கே திருப்பித் தருவார்கள். எதிலிருந்து எடுப்பார்கள் என்று யாரும் விளக்கிக் கேட்பதில்லை. ஈரோட்டில், பெருந்துறை சாலைக் கிளைக்கு நானும் தாரணியும் கல்யாணமான புதிதில் போனோம். அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள். நான் முதல் நாள் ஆறு பரோட்டா தின்றிருந்தேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். போகவில்லை. அவள் படிவத்தில் வாரிசு என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, இதைவிடப் பெரிய சொத்து என்னிடம் கிடையாது என்றாள். காப்பகத்தின் படியில் நின்று இருவரும் சிரித்தோம்.

இறந்தவரின் டப்பிக்கு மூன்று வழிகள்தான். எரித்துவிடலாம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். வாரிசு தன் வயிற்றில் ஏற்றிக்கொள்ளலாம். மூன்றாவதில் டிக் அடித்தேன். யோசித்து அடித்ததாக நினைவில்லை. அந்த நாட்களில் யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காப்பகத்தின் ஆலோசகர் அஃப்ரின் என்ற பெண். முதலில் என் வயிற்றைக் கழுவிக் காலி செய்வார்கள், பிறகு கேப்சூல்கள், அதன்பின் மாதம் ஒரு சோதனை என்று விளக்கினார். சோதனையில் ஒரு எண் வரும். அதற்குத் தங்கல் சதவீதம் என்று பெயர். வயிற்றுக்குள் குடியிருப்பவற்றில் நூற்றுக்கு எத்தனை இறந்தவருடையது என்ற கணக்கு. பத்துக்குக் கீழே போனால் வம்சம் முடிந்ததாக எழுதிவிடுவார்கள். டப்பி ஒன்றுதான். இன்னொரு முறை கிடையாது.

"இது அவங்க இல்லீங்க சார். அவங்ககூட இருந்ததுங்க. அவ்வளவுதான்" என்றார். இதை எல்லோரிடமும் சொல்வதாகவும் யாரும் காதில் வாங்குவதில்லை என்றும் சொன்னார்.

பிறகு பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார். மேலே தாரணியின் பெயர். காலையில் கம்பங்கூழ் அல்லது பழைய சோறு, மோர் ஊற்றி. வாரத்துக்கு முப்பது வகைக் காய், கீரை, பயறு, பழம். மைதா கூடாது. பொரித்தது கூடாது. ஒவ்வொரு வாயையும் நன்றாக அரைபடும்வரை மெல்ல வேண்டும். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். சாப்பிட்டதும் இருபது நிமிடம் நடை. பத்து மணிக்குத் தூக்கம். காலையில் தவறாத நேரத்தில் கழிவறை, உள்ளே போன் கூடாது. ஆன்டிபயாட்டிக் மருந்து கூடவே கூடாது, உயிர் போகிற விஷயமாக இருந்தால் தவிர. கடைசி வரி: கவலை, துக்கம் தவிர்க்கவும்.

கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அஃப்ரின் பார்த்தார். "அது அப்படித்தானுங்க சார் அச்சாகி வருது" என்றார்.

பாக்டீரியா எனக்குப் புதிது அல்ல. சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே தொட்டிகளில் அழுக்கைத் தின்பது பாக்டீரியாதான். அதற்குக் காற்று வேண்டும், வேளைக்குத் தீனி வேண்டும். ஏதாவது பட்டறைக்காரர் பிளீச்சிங் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் தொட்டி முழுக்கச் செத்துவிடும். வீட்டிலும் இனி அதே வேலை என்று நினைத்துக்கொண்டேன். வசந்தாமணி அத்தையை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அத்தை என் மாமியார். இரண்டு தெரு தள்ளி வீடு. விஷயம் தெரிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு டிபன் கேரியரோடு வந்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அவர் கொண்டுவந்ததைத்தான் சாப்பிட்டேன். என் அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை.

அத்தை என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. எப்போதும் வாங்க, போங்கதான். ஆனால் இப்போது அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.

"மாப்ள, இன்னொரு சொம்பு குடிங்க" என்பார் என் முகத்தைப் பார்த்து. உடனே குனிந்து என் சட்டைப் பொத்தானைப் பார்த்து, "ஏஞ்சாமி, கம்பு கொஞ்சம் திப்பியா இருக்குதா? நாளைக்கு நல்லா அரைச்சுப் போடறேன்" என்பார்.

முதல் வாரம் நான் தவறிப்போய் பதில் சொல்லிவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"உங்களக் கேக்கலீங்க" என்றார் அத்தை, மரியாதையாக.

மாமாவுக்கு நடை பொறுப்பு. குழந்தைவேல் மாமா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் வந்து நிற்பார். இருவரும் வாய்க்கால் கரை வரை போய்த் திரும்புவோம். போகும் வழியில் மேட்டு வீட்டுக்காரர் காரை விற்றுவிட்டது, பழைய டிரான்ஸ்பார்மரை மாற்றிவிட்டது, பெரியப்பா பையனுக்கு வேலை கிடைத்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வருவார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் மாமா என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. எதிரே வருகிறவர்களுக்கு அது தெரியாது. மாமனாரும் மருமகனும் எவ்வளவு ஒற்றுமை என்று தெருவில் பேச்சு.

மார்கழியில் முதல் சோதனை. அறுபத்தொன்று. அஃப்ரினே எதிர்பார்க்கவில்லை.

அந்த வருடம் இது ஊரெல்லாம் பரவியிருந்தது. கோபியில் அண்ணன் தம்பி இருவர் தகப்பனாரின் கேப்சூல்களை ஆளுக்குப் பதினைந்தாகப் பிரித்துக்கொண்டு, எதுவும் தங்காமல், ஒருவரையொருவர் குற்றம் சொல்லி பஞ்சாயத்துக்குப் போனார்கள். கல்யாணத் தரகர்களின் கேள்விப் பட்டியலில் ஒரு வரி கூடியது. என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், என்னிடம் கேட்காமலே ஒரு தரகரை அனுப்பிவைத்தார். அவர் சம்பளம் கேட்டார், வீடு சொந்தமா என்று கேட்டார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள யாராச்சும் குடியிருக்காங்களாங்க?"

இருக்கிறார்கள் என்றேன்.

"எத்தன பர்சன்ட்டுங்க?"

சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

"அம்பதுக்குக் கீழ வந்ததும் ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை அமாவாசை வந்தது. போன வருடம் வரை இருந்தவளுக்கு முதல் படையல். அத்தை வீட்டில் உறவுக்காரர்கள் பதினைந்து பேர். தாரணியின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் தலைவாழை இலை விரித்திருந்தார்கள். அவளுக்குப் பிடித்தது எல்லாம் தயார். வெல்லம் போட்டுப் பொரித்த கச்சாயம், உளுந்து வடை, வாழைக்காய் பஜ்ஜி, சேமியா பாயசம். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை முதல் கரண்டியை இலைக்குக் கொண்டுபோனவர் நின்றுவிட்டார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, படத்துலயா இருக்கறா?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா யோசித்தார். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் சேர்ந்து யோசித்தார்கள். அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. இலையை எடுத்து என் முன்னால் போட்டார்கள். குத்துவிளக்கும் நகர்ந்து வந்தது. யாரோ சாம்பிராணி காட்டினார்கள். பதினைந்து பேரும் வரிசையாக வந்து என்னை, அதாவது என்னில் பாதிக்கு மேல், கும்பிட்டார்கள். தாரணியின் சித்தி கண்ணீரோடு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை விஷயத்தில் தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று என் பெல்ட்டிடம் மன்னிப்புக் கேட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிவைத்தேன்.

படையலில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது. ஒன்பது கச்சாயம். வெளியே மதில்மேல் இரண்டு காக்கைகள் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

அடுத்த வாரச் சோதனையில் நாற்பத்தெட்டு.

அத்தையும் என்னோடு வந்திருந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று அஃப்ரின் கேட்டதற்கு அத்தைதான் பதில் சொன்னார்.

"அவளுக்குப் புடிச்சதத்தானுங்க வெச்சோம்."

"அவங்களுக்குப் புடிச்சது வேறங்க அம்மா, அதுங்களுக்குப் புடிச்சது வேற. இதுங்க நார்ச்சத்தத் தின்னு வாழறது. கீரையும் பயறும் போனாத்தான் இதுங்களுக்குச் சோறு. அவங்க கச்சாயம் தின்ன அன்னைக்கெல்லாம் இதுங்க பட்டினிதான்."

அத்தை எழுந்துவிட்டார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு, "உசுரோட இருந்தப்ப நாஞ் சொன்னா கேட்டாளா" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அதன்பின் அத்தை பட்டியலை ஒரு எழுத்து மீறவில்லை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, முருங்கை என்று வாரத்தில் ஒன்பது கீரை. கொள்ளு ஒருநாள், தட்டைப்பயறு ஒருநாள். வாழைப்பூ, வாழைத்தண்டு, கொத்தவரை. முப்பது போதும் என்று பட்டியல் சொன்னது. அத்தை முப்பத்தெட்டு வரை போனார். நான் மெல்லும்போது எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்ப்பார். சீக்கிரம் விழுங்கினால், "அவளுக்குப் பல்லு இல்லீங்க மாப்ள, நீங்கதான் மெல்லோணும்" என்பார். காலை ஆறேகாலுக்குக் கழிவறைக்குள் நான் இருக்கும்போது போன் அடிக்கும். வெளியே மேசையில். நான் எடுத்தால் உள்ளே போன் கொண்டுபோயிருக்கிறேன் என்று அர்த்தம். அது அத்தையின் சோதனை.

மாசியில் அறுபத்தாறு. மாமா தெருவுக்கு லட்டு கொடுத்தார். எனக்குக் கொய்யாப்பழம்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை நான் ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்திருந்தேன். தாரணியின் படங்கள் போனில் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவை எதுவும் சாப்பிடுவதில்லை. இது சாப்பிட்டது. காலையில் கூழ் ஊற்றினால் பதினொரு மணிக்கு உள்ளே ஏதோ அசைந்து சத்தம் போட்டது. நிலையத்தில் தொட்டிக்கரையில் நிற்கும்போது கையை வயிற்றில் வைத்துக்கொள்வேன். உலகத்தில் அவளுடையது என்று வளர்ந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதைக் காப்பாற்ற மென்றால் போதும், நடந்தால் போதும், தூங்கினால் போதும் என்றார்கள். மருத்துவமனையில் அன்று செய்வதற்கு எதுவுமே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இதில் செய்வதற்கு ஏதோ இருந்தது.

பங்குனி முதல் வாரம் பல் வலித்தது.

கீழ்த்தாடையில் கடைசிப் பல். இரண்டு நாளில் கன்னம் வீங்கியது. பல் மருத்துவர் ஜெசிந்தா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேரடியில் சீழ் பிடித்து எலும்பு வரை போயிருக்கிறது என்றார். ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், வேளைக்கு ஒன்றாக, பாதியில் நிறுத்தக் கூடாது. வீக்கம் வடிந்ததும் பல்லைப் பிடுங்க வேண்டும்.

மாத்திரை இல்லாமல் முடியாதா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நவநீதன், இது கழுத்துக்கு எறங்குச்சுன்னா மூச்சு நிக்கும். நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லல."

மாத்திரையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்து அஃப்ரினுக்குப் போன் செய்தேன். ஐந்து நாள் மருந்துக்கு எதுவும் மிஞ்சாது என்றார். அதற்கு முன்னால் என் வயிற்றிலிருந்து ஒரு டப்பி எடுத்து வைத்துவிடலாமே என்றேன். காய்ச்சலும் சீழும் இருக்கும் உடம்பிலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி என்றார். பிறகு, "உயிர் போகிற விஷயமா இருந்தா தவிரன்னு பட்டியல்ல போட்டிருக்குதுங்க சார்" என்றார். படித்திருக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் வீட்டில் ஆலோசனை. மாமா, கொய்யா இலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளித்தால் எப்பேர்ப்பட்ட பல்லும் அடங்கும் என்றார். தன் சர்வீஸில் ஒரு லைன்மேனுக்கு அடங்கியதாம். அத்தை கிராம்புத் தைலம் கொண்டுவந்தார்.

"மாத்திர வேண்டாமுங்க மாப்ள. ரெண்டு நாளைக்குப் பொறுத்துக்குங்க. எல்லாம் அடங்கிப் போயிரும்" என்றார். நான் யோசனை கேட்டிருக்கவில்லை. நானும் அதையேதான் முடிவு செய்திருந்தேன். மூன்று பேரும் ஒருமனதாக இருந்தது அந்த வீட்டில் அது ஒரு தடவைதான்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. காய்ச்சல் நூற்றுமூன்று. கன்னம் தாடையைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. மெல்ல முடியவில்லை. அத்தை கூழை நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஸ்பூனால் ஊற்றினார். நடை இல்லை. மாமா வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அந்த நாட்கள் எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்திருந்தது தெரியும். கூழ் வந்தது, தூங்கினேன், மறுபடி கூழ் வந்தது. அத்தை என் வயிற்றுப் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது வழக்கம்தான் என்பதால் நான் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் வாய் திறந்தது. மாமா கொய்யா மரத்தைத் தொட்டுக் கும்பிட்டதாகக் கேள்வி. தெருவில் நான்கு பேருக்கு இலை பறித்துக் கொடுத்தார். நான் எண் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தாறு. ஒரு பத்து குறைந்திருக்கும், கீரையில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு மாதத்தில் முதல்முறையாக நான் ஏதோ ஒன்றில் ஜெயித்தது போல இருந்தது.

பல்லைப் பிடுங்கப் போனேன். ஜெசிந்தா டார்ச் அடித்துப் பார்த்து, கோர்ஸை ஒழுங்காக முடித்திருக்கிறீர்கள், நல்லது என்றார். ஒரு மாத்திரைகூடப் போடவில்லை, கொய்யா இலைதான் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினார்.

"கொய்யா எலைக்கு எலும்புல இருக்கற சீழ் எறங்காதுங்க" என்றார்.

வாயில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று போட்டிருந்த சட்டை துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. மாத்திரை அட்டை எங்கும் இல்லை. அத்தை கூடத்தில் உட்கார்ந்து தண்டுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாத்திரை எங்கே என்று கேட்டேன். பஞ்சோடு கேட்டது சரியாக விழவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன்.

அத்தை கீரையை முறத்தில் வைத்தார்.

"கூழ்ல பொடிச்சுப் போட்டுட்டேனுங்க. பொடிச்சுக் குடுக்கலாமான்னு மெடிக்கல்ல கேட்டுட்டுத்தான் செஞ்சேன். வேளைக்கு ஒண்ணு. அஞ்சு நாளும் முடிச்சுட்டேன்."



"பாதியில நிறுத்தக் கூடாதுன்னு அட்டையில போட்டிருந்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னேனுங்க. மூணாம் நாளு கழுத்துக்கு வந்துருச்சு. வயித்தக் காப்பாத்தறேன்னு பல்லு வலியில செத்துப்போனாருன்னு நான் ஊருக்குள்ள எப்படீங்க சொல்றது." ஒரு கீரைத் தண்டை எடுத்து நார் உரித்தார். "அவகிட்டச் சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு வேளையும் கலக்குனேன்."

"என்ன சொன்னா?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது வெறும் வயிறுங்க மாப்ள. அது என்ன சொல்லும்" என்றார்.

பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்தது. புதுப் பஞ்சை வைத்துக்கொண்டு நானும் எதிரே உட்கார்ந்து தண்டு உரித்தேன். மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார். கொய்யா இலை விஷயத்தில் அவர் சந்தோஷமாக இருக்கிறாராம்.

அந்த மாதச் சோதனைக்கு இருவரும் போனோம். அஃப்ரின் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். புள்ளி நாலு. இதை இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். பதிவேட்டில் முடிவுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அத்தை முந்திக்கொண்டு, நான்தான் என்றார். அதை நான் மறுத்தேன், மாத்திரை வாங்கியது நான் என்றேன். அத்தை, வாங்கினீங்க, போடலியே என்றார். எங்கள் இருவரையும் சற்று நேரம் பார்த்துவிட்டு அஃப்ரின் அந்தக் கட்டத்தில் 'மருந்து' என்று எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை முழுக்கப் படித்துவிட்டுப் போட்டேன்.

கிளம்பும்போது அஃப்ரின் இருக்கச் சொன்னார். இவ்வளவு பெரிய மருந்துக்குப் பிறகு வயிறு காலி வீடு மாதிரி, அடுத்த மூன்று மாதம் நான் எதைச் சாப்பிடுகிறேனோ அதற்கேற்ற ஆட்கள்தான் வந்து குடியேறுவார்கள், அதனால் கவனமாக இருக்க வேண்டும் என்றார். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார். மேலே என் பெயர்.

அத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். காலையில் கம்பங்கூழ் அல்லது பழைய சோறு. வாரத்துக்கு முப்பது வகை. மைதா கூடாது. நடை. தூக்கம். முதலிலிருந்து மறுபடி படித்தார்.

"இது அதேதானுங்களே, கண்ணு?"

"எல்லாருக்கும் அதேதானுங்க அம்மா. மேல பேர மட்டும் மாத்துவோம்."

"அப்ப இத்தன மாசம் அவளுக்குன்னு நாங்க செஞ்சது?"

"அது சாரோட வயித்துக்குத்தானே போச்சு. சார் கன்னத்துல சீழோட அந்த மூணு நாள் தாங்குனாருன்னா, ஒடம்பு நல்லா இருந்துருக்குதுன்னு அர்த்தமுங்க" என்றார் அஃப்ரின்.

ஆட்டோவில் அத்தை பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, இனிமேல் நீங்கள் சிரமப்பட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அத்தை சரிங்க என்று தலையாட்டினார். அன்று ராத்திரி மாமா நடைக்கு வரவில்லை. எல்லாம் முடிந்ததை அத்தை சொல்லியிருப்பார் போல. கொய்யா இலையை மட்டும் விட்டுவிட்டு.

மறுநாள் ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அத்தை. டிபன் கேரியரோடு. புதுப் பட்டியலைப் பழையதன்மேல் ஒட்டினார். கூழைச் சொம்பில் ஊற்றி, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டு நீட்டினார்.

"குடிங்க."

ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"அத்தை, உப்புப் பத்தலீங்க" என்றேன்.

அத்தை சொம்பை வாங்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார்.

"கார்த்திகையில இருந்து இதே உப்புத்தானுங்க போடறேன்" என்றார்.

அடுப்படிக்குப் போய் மேல் தட்டில் இருந்த உப்பு ஜாடியை இறக்கினார். ஆவணியில் தாரணி வாங்கிப் போட்டது. இறுகிக் கல்லாகியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்திக் கொஞ்சம் பெயர்த்து, விரலில் நுணுக்கிச் சொம்பில் போட்டுக் கலக்கினார்.

"இப்பப் பாருங்க."

குடித்தேன்.

"இப்பச் சரியா இருக்குதுங்க" என்றேன்.